படையிலிருந்து லாரிக்கு: கொங்கு நாட்டில் ஓட்டுநர் தொழில்

படைப் பணி முடித்து ஊர் திரும்பும் ஓட்டுநருக்குக் கொங்கு நாட்டில் வேலை தேடி வெகுதூரம் அலையவேண்டியதில்லை. நாமக்கல்லில் கேஸ் டேங்கர்களும் பாடி கட்டும் பட்டறைகளும் இருக்கின்றன. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள். சங்ககிரியில் வட இந்தியா வரை ஓடும் லோடு லாரிகள். கோவையின் பம்பும் கிரைண்டரும் வார்ப்படமும், திருப்பூரின் பனியனும், ஈரோட்டின் மஞ்சளும் ஜவுளியும், நாமக்கல்லின் முட்டையும் லாரி ஏறித்தான் வெளியூர் போகின்றன. டிஎன் 28, டிஎன் 34, டிஎன் 52 என்று எண் எழுதிய வண்டியைப் பார்க்காமல் பதான்கோட்டிலோ குவாஹாட்டியிலோ பணி முடித்த தமிழ்ச் சிப்பாய் அரிது.

ஓட்டுநர் பற்றாக்குறை லாரி உரிமையாளர்களின் நெடுநாள் குறை. ஆகவே வேலை கிடைப்பதில் சிக்கல் இல்லை. எந்த வேலையை ஏற்பது, எதை மறுப்பது என்பதில்தான் சிக்கல். படையில் வண்டி, டீசல், வழி, நேரம், தங்குமிடம் எல்லாவற்றையும் வேறொருவர் முடிவு செய்திருப்பார். லோடு வண்டியில் இவற்றில் பாதி ஓட்டுநர் தலையில் விழும். ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தவர் சரக்கு வியாபாரத்தைப் புதிதாகப் படிக்கவேண்டியிருக்கிறது. அந்தப் படிப்புக்கு ஓராண்டோ இரண்டாண்டோ ஒதுக்கியவர்கள் நிலைக்கிறார்கள். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷன் பணம் கைக்கு வந்த மாதமே சொந்த லாரி வாங்கியவர்களின் வண்டிகள் பல, ஃபைனான்ஸ் கம்பெனி சீஸ் செய்த யார்டுகளில் நிற்கின்றன.

உரிமம்

பணிக்காலத்தில் ஓட்டிய உரிமம் வெளியே செல்லாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பாதுகாப்புப் பணிக்கான மத்திய அரசு வண்டிகளை ஓட்டத் தனி உரிமம் வழங்குகிறது. அந்த உரிமம் வேறெந்த வண்டியையும் ஓட்ட உரிமை தராது என்று அதே பிரிவு சொல்லியும் விடுகிறது. பதினைந்து ஆண்டு ஸ்டாலியன் என்ற ராணுவ லாரியை ஓட்டியவரானாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கவுண்டரில் அவர் ஒரு விண்ணப்பதாரர்தான்.

ஆனாலும் அந்த உரிமம் வெறும் காகிதமல்ல. 18-ஆம் பிரிவின்கீழ் உரிமம் வைத்திருந்தவருக்கு அதே வகை வண்டிக்கான ஓட்டும் தேர்விலிருந்து விலக்குத் தர 9-ஆம் பிரிவில் வழி உண்டு. அதனால் படை உரிமத்தின் மூலப் பிரதி, எந்தெந்த வகை வண்டி ஓட்டினார் என்ற பதிவு, டிஸ்சார்ஜ் புக் ஆகிய மூன்றையும் யூனிட்டை விட்டுக் கிளம்பும் முன் கையில் வாங்கிவிடவேண்டும். பிறகு ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதிப் பெறுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

லாரிக்கு வேண்டியது போக்குவரத்து வாகன உரிமம். ஊர்ப் பேச்சில் ‘ஹெவி’. இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. வயது 20 நிறைந்திருக்கவேண்டும். இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியின் சான்றிதழும் வேண்டும். இரண்டாவது நிபந்தனையில்தான் பலர் இடறுகிறார்கள். விடுப்பில் ஊருக்கு வரும்போதே சிவில் கார் உரிமம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டால், பணி முடிந்த பிறகு ஓராண்டு வீணாகக் காத்திருக்க நேராது. முன்பு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயமாக இருந்தது. 2019-இல் அது நீக்கப்பட்டது. இவற்றோடு மருத்துவரின் படிவம் 1ஏ சான்றும் வேண்டும். கண் பார்வை, நிறக்குருடு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சான்றிதழுக்காக மட்டும் பார்க்காமல் தனக்காகவும் பார்த்துக்கொள்வது நல்லது. குறைந்த மருத்துவப் பிரிவில் வெளிவந்தவர், முதுகெலும்புக் குறை உள்ளவர் ஆகியோர் நெடுந்தூர லைனைத் தவிர்க்கலாம்.

போக்குவரத்து வாகன உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். சிறிய சரக்கு வண்டி மட்டும் ஓட்ட நினைப்பவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதிசெய்தது. கோவை நகருக்குள்ளும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கும் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி இந்த எடைக்குள் அடங்கிவிடும்.

அமெரிக்காவில் படையில் கனரக வண்டி ஓட்டியவர், வெளிவந்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் வணிக ஓட்டுநர் உரிமத்துக்கான ஓட்டும் தேர்விலிருந்து விலக்குப் பெறலாம். இரண்டாண்டு அனுபவமும் சுத்தமான பதிவும் வேண்டும். இந்தியாவில் தேர்வு விலக்கு கிடைத்தாலும் ஓராண்டு நிபந்தனையும் பள்ளிச் சான்றிதழும் இருப்பதால் இத்தனை நேரான பாதை இல்லை. ஆகவே பயிற்சிப் பள்ளியைச் சடங்காகக் கருதாமல் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. சான்றிதழை மட்டும் விற்கும் பள்ளிகளும் உண்டு. அவற்றால் முன்னாள் ஓட்டுநருக்கு எந்த லாபமும் இல்லை.

ராணுவ வண்டியும் லோடு வண்டியும்

நான்கு சக்கரமும் இழுக்கும் ஸ்டாலியனில் மலைச் சேற்றில் ஏறி இறங்கிய கைக்கு, 35 டன் மொத்த எடையோடு ஓடும் பன்னிரண்டு சக்கர வண்டி வேறு உலகம். கொங்கு ஓட்டுநர்கள் பல அச்சு வண்டியைப் பொதுவாக ‘டாரஸ்’ என்பார்கள். பாரம் கூடும்போது நிறுத்தும் தூரம் கூடுகிறது, பிரேக் சூடாகிறது. படையின் கான்வாயில் முன்வண்டி வேகத்தைக் கட்டுப்படுத்தும். இங்கே அதைச் செய்ய யாரும் இல்லை.

இதன் விளைவைத் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாயில் பார்க்கலாம். தர்மபுரிப் பக்கமிருந்து இறங்கும் அந்தச் சரிவில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடும் பழக்கம் பல உயிர்களை வாங்கியிருக்கிறது. நியூட்ரலில் இறங்கும் வண்டிக்கு எஞ்சின் பிடிமானம் கிடையாது. முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது, பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகிறது. எந்த கியரில் ஏறலாமோ அந்த கியரிலேயே இறங்குவதும், எக்ஸாஸ்ட் பிரேக்கை முன்கூட்டியே போடுவதும் படையில் மலைப்பாதை ஓட்டியவருக்குத் தெரிந்த பாடம்தான். மைலேஜுக்குப் பரிசு தரும் முதலாளியிடம் சேர்ந்த பிறகும் அதை மறக்காமல் இருப்பதுதான் கடினம்.

சத்தியமங்கலத்திலிருந்து சாம்ராஜ்நகர் போகும் திம்பம் பாதை 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. புலிகள் காப்பகத்தின் வழியே போவதால் வணிக வண்டிகளுக்கு அங்கே இரவுத் தடை உண்டு. கோவையிலிருந்து மைசூர்ப் பக்கம் லோடு எடுப்பவர் இந்த நேரக் கணக்கைப் போட்டுத்தான் கிளம்பவேண்டும். பண்ணாரி சோதனைச்சாவடியில் இரவெல்லாம் நிற்கும் வண்டிகள் கணக்குத் தவறியவர்களுடையவை.

எஞ்சினும் மாறிவிட்டது. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ் 6 வண்டிகளில் ஆட்புளூ திரவம் தீர்ந்தால் வண்டி இழுக்காது. புகைக்கரி வடிகட்டியைச் சுத்திகரிக்கச் சொல்லி விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யக்கூடாது. வண்டி எங்கே நின்றது, எவ்வளவு டீசல் குறைந்தது என்பதை முதலாளி தன் போனிலேயே பார்க்கிறார். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் குளிர்சாதனக் கேபின் கட்டாயம். புதுவண்டி வைத்திருக்கும் முதலாளியிடம் சேர இதுவும் ஒரு காரணம். மே மாதத்தில் நாக்பூர் வழியாகப் போனவருக்கு விளக்கத் தேவையில்லை.

எந்த லைன்

முதல் ஆறு மாதம் குறுந்தூர லைன் போதும். கோவையிலிருந்து தூத்துக்குடி, சென்னை, கொச்சி, பெங்களூரு. சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 544-இல் வாளையாறு வழியாகப் போய் வருவதிலேயே எடைமேடை, டோல், மாநில எல்லை, ஏற்று இறக்குத் தொழிலாளர் என எல்லாப் பாடமும் வந்துவிடும். கேரளத்தில் சுமைத் தொழிலாளர் சங்கங்களோடு கூலி பேசுவது தனிக் கலை.

அதன்பின் வடக்கு லைன். மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான், வங்காளம் வரை போகும் வண்டிகளில் ஒரு டிரிப்பே வாரக்கணக்கில் நீளும். இங்கேதான் முன்னாள் படைவீரருக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு முதல் இருக்கிறது: இந்தி. லோடு இறக்கும் இடத்தில் தகராறு, போலீஸ் மறிப்பு, பஞ்சர் கடை, மருத்துவமனை என எதுவானாலும் பேசித் தீர்க்கலாம். கொங்கு முதலாளிகள் இதற்கு மதிப்புத் தருகிறார்கள். வேலை கேட்கும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கேஸ் டேங்கர் லைன் படைவீரர் இயல்புக்கு மிகவும் பொருந்தும். மங்களூரு, கொச்சி, எண்ணூர் போன்ற இடங்களிலிருந்து சிலிண்டர் நிரப்பும் ஆலைகளுக்கு எரிவாயு கொண்டு செல்லும் வண்டிகளில் நாமக்கல் உரிமையாளர்களின் பங்கு பெரிது. ஆலை வாசலில் சோதனை, உடை, தீயணைப்பான், வரிசை, வேகக் கட்டுப்பாடு எல்லாம் கண்டிப்பு. மற்ற ஓட்டுநர் சலித்துக்கொள்ளும் இந்த ஒழுங்கு, அணிவகுப்பில் வளர்ந்தவருக்குச் சுமையாகத் தோன்றாது. இதற்கு உரிமத்தில் அபாயகரப் பொருள் ஒப்புதல் வேண்டும். மூன்று நாள் பயிற்சிக்குப் பின் தரப்படும் அந்த ஒப்புதலை 3 ஆண்டுக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சியோடு புதுப்பிக்கவேண்டும். சரக்கின் தன்மையும் கசிந்தால் செய்யவேண்டியதும் எழுதிய டிரெம் கார்டு கேபினில் எப்போதும் இருக்கவேண்டும். அதைப் படித்துப் புரிந்தும் வைத்திருக்கவேண்டும்.

2025 ஜனவரி 3 அதிகாலையில், கொச்சியிலிருந்து 18 டன் எரிவாயுவுடன் வந்த டேங்கர் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்து வாயு கசிந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, மணிக்கணக்கில் தண்ணீர் பீய்ச்சி, கசிவை அடைத்து அகற்றினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. டேங்கர் ஓட்டுநரின் வேலை எத்தகையது என்பதை நகரமே தெரிந்துகொண்ட நாள் அது.

புதியவர் இந்த லைனில் நுழைய எளிய வழி இரண்டாவது ஓட்டுநராகப் போவது. எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்தத்தில் மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாவிட்டால் 20,000 ரூபாய் அபராதம் என்ற நிபந்தனை, 2025 மார்ச் இறுதியில் தென்மண்டல டேங்கர் உரிமையாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. உரிமையாளருக்குத் தலைவலியான நிபந்தனை புதிய ஓட்டுநருக்கு ஒரு வாசல்.

ரிக் வண்டி வேறு ரகம். ஊர் ஊராகத் தங்கி, பகலும் இரவும் துளையிடும் குழுவோடு இருக்கவேண்டும். ஓட்டுவது குறைவு, காத்திருப்பது அதிகம்.

சம்பளமும் படியும்

மாதச் சம்பளமும் தினப்படியும் தருவோர் உண்டு. டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசுவோரும், வாடகையில் பங்கு தருவோரும் உண்டு. பங்குக் கணக்கு நல்ல மாதத்தில் இனிக்கும். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் வெளியூரில் நான்கு நாள் ஹால்ட் போட்டால் ஓட்டுநரின் கையும் காயும். சேரும் முன்பே கேட்டுத் தெளியவேண்டிய சில விஷயங்கள் உண்டு: ஹால்ட் நாளுக்குப் படி உண்டா, ஏற்று இறக்குக் கூலி யாருடையது, பஞ்சர், டோல், வழிச்செலவுக்கு ரசீது இல்லாவிட்டால் கணக்கு ஏற்பார்களா, பொருள் குறைந்தால் யார் தலையில் கட்டுவார்கள். இவற்றைச் சேர்ந்த பிறகு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும். முதலாளியிடம் பெருந்தொகையைக் கை அட்வான்ஸாக வாங்குவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். வாங்கியவர் அது தீரும்வரை வேறு வண்டிக்கு மாற முடியாது. ஓய்வூதியம் வாங்குபவர் அந்தக் கண்ணியில் கால் வைக்கவேண்டிய தேவையே இல்லை.

ஓய்வூதியத்தின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. வீட்டுச் செலவு எப்படியும் நடக்கும் என்ற நிலையில் இருப்பவர், கூடுதல் பாரம் ஏற்றச் சொன்னால் மறுக்கலாம். இரண்டு இரவு தூங்காமல் வந்துசேரச் சொன்னால் மறுக்கலாம். மற்ற ஓட்டுநர்கள் மறுக்காததற்குக் காரணம் அறியாமை அல்ல, அடுத்த மாத வாடகை. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த 8 மணி நேர வேலை நெடுஞ்சாலையில் பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருந்துவந்தது. தேசிய பர்மிட் வண்டியில் இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்ற விதியும் 2018-இல் நீக்கப்பட்டது. ஆகவே ஓய்வு நேரத்தை ஓட்டுநரே வகுத்துக்கொள்ளவேண்டும். விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே வண்டியை ஓரங்கட்டிப் படுப்பது என்ற ஒரே ஒழுங்கைப் பிடித்தாலே பாதி ஆபத்து விலகும்.

ஓய்வூதியதாரருக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் தொடரும். அதோடு தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நலவாரியத்திலும் தொழிலாளர் துறை வழியாகப் பதிந்துகொள்ளலாம். முன்னாள் படைவீரர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் டெக்ஸ்கோ நிறுவனம் காவலர் பணிக்குப் பெயர் பெற்றது. ஓட்டுநர் பணியிடங்களும் அதன் வழியே வருவதுண்டு. டெல்லியில் உள்ள மறுகுடியமர்வு இயக்குநரகத்தின் நிலக்கரிப் போக்குவரத்துத் திட்டங்கள் சுரங்கப் பகுதிகளுக்கானவை; கொங்கு நாட்டிலேயே இருக்க விரும்புபவருக்கு அவை உதவா.

காகிதமும் எடையும்

ஆர்.சி., காப்பீடு, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, பர்மிட், புகைச் சான்று, வரி ரசீது ஆகியவற்றோடு சரக்கின் இன்வாய்சும் இ-வே பில்லும் சேர்ந்தால்தான் வண்டி முழுமை. இ-வே பில் பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத் தேவை. தமிழ்நாட்டுக்குள்ளேயே போனால் வரம்பு 1 லட்சம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அதன் ஆயுள் முடியும். வண்டி பழுதாகி வழியில் நின்றால் நீட்டிக்கச் சொல்லி அனுப்பியவருக்கு உடனே தகவல் தரவேண்டும். வண்டி மாற்றி ஏற்றினால் பில்லிலும் வண்டி எண் மாறவேண்டும்.

அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய்; மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. கட்டுவது முதலாளியானாலும் எடைமேடையில் நிற்பது ஓட்டுநர். ஏற்றும் இடத்திலேயே எடைச்சீட்டு வாங்குவதும், தார்ப்பாயும் கயிறும் தன் கண்முன் கட்டப்படுவதும் அவர் பொறுப்பு.

விபத்து நேர்ந்தால் காயமுற்றவருக்கு உதவி செய்து காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. கூட்டம் தாக்கும் என்ற அச்சம் நியாயமானதே. அப்படியானால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நேரே போய்ச் சொல்லவேண்டும். சொல்லாமல் ஓடுவோருக்குக் கடும் தண்டனை விதிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டது. சட்டம் அமலான 2024 ஜூலை 1 அன்றும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் தெரிவிக்கும் கடமை மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

அக்னிவீரர்கள்

2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நான்கு ஆண்டில் வெளிவருவார்கள். முதல் அணியினருக்கு 2026 இறுதியை ஒட்டி அந்த நேரம் வருகிறது. அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. கையில் கிடைப்பது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. மேலே சொன்ன மறுக்கும் வலிமை இவர்களுக்கு இராது. ஆனால் வயது இருக்கிறது. சேவா நிதியை முன்பணமாகக் கட்டி லாரி எடுப்பதை விட, அதை வைப்பில் போட்டுவிட்டு டேங்கரிலோ நிறுவன வண்டியிலோ மூன்று நான்கு ஆண்டு ஓட்டுவதே இவர்களுக்கு ஏற்றது.

சொந்த வண்டி

ஓட்டுநர் உரிமையாளராவது கொங்கு நாட்டில் புதிதல்ல; சங்ககிரி, திருச்செங்கோட்டு முதலாளிகள் பலர் கிளீனராகத் தொடங்கியவர்கள். ஆனால் அவர்கள் வாங்கும்போது லோடு கொடுக்க ஆள் தெரிந்திருந்தது. இரண்டு முனையிலும் நம்பகமான புக்கிங் ஆபீஸ் தெரியாதவர் புரோக்கர் சொல்லும் வாடகைக்கு ஓடவேண்டியதுதான்.

பழைய வண்டி வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது வயது. சாதாரண லாரிக்கு 12 ஆண்டுக்கு மேலும், பல அச்சு வண்டிக்கு 15 ஆண்டுக்கு மேலும் தேசிய பர்மிட் கிடைக்காது. பத்து வயது ஆறு சக்கர வண்டியை மலிவென்று எடுத்தால் இரண்டே ஆண்டில் அது உள்மாநில வண்டி ஆகிவிடும். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு எஃப்.சி., அதன்பின் ஆண்டுதோறும். அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஃபைனான்ஸ் பாக்கி, வரி பாக்கி, நிலுவை இ-சலான் ஆகியவற்றைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது. வண்டியைப் பார்க்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போவது கட்டாயம். சேஸிஸ் வளைவை அவர் கண் பிடிக்கும். வாங்குபவர் கண் பெயின்டைத்தான் பார்க்கும்.

கணக்கு போடும்போது மாதத் தவணை, காப்பீடு, காலாண்டு வரி, பர்மிட், டயர், எஃப்.சி. வேலை ஆகியவற்றோடு வண்டி ஓடாமல் நிற்கும் நாட்களையும் சேர்க்கவேண்டும். மழைக்காலத்திலும் பண்டிகையை ஒட்டியும் லோடு குறையும், தவணை குறையாது. ஆறு தவணைக்கான பணத்தைத் தனியே வைக்க முடியாதவர் இன்னும் ஓராண்டு காத்திருக்கலாம். தானே ஓட்டும் உரிமையாளர் 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டை எடுத்திருக்கவேண்டும். வேறு ஓட்டுநரை வைத்தால் அவருக்கான பொறுப்புக் காப்பீட்டையும் பாலிசியில் சேர்க்கவேண்டும்.

முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடனும், 30 விழுக்காடு மூலதன மானியமும், 3 விழுக்காடு வட்டி மானியமும் தரும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்தது. விண்ணப்பிக்கும் இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். வண்டி வாங்கும் முன்பே அங்கே சென்று, சரக்கு லாரி திட்டத்துக்குள் வருமா, எந்த வங்கி, என்ன பிணை என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.